திரும்பி வந்த மூலிகை நூல்

1990ஆம் ஆண்டு வத்திக்கான் நூலகத்திலிருந்து ஒரு சிறு கையெழுத்து நூல் மெக்சிகோ நாட்டுக்குத் திரும்பிச் சென்றது. அதைத் திருப்பியளித்தவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 63 தாள்கள் கொண்ட நூல் அது. நாம் கையில் ஏந்தும் செபப்புத்தகத்தைவிடச் சற்றே பெரியது. உள்ளே 180க்கும் மேற்பட்ட செடிகொடிகளின் வண்ண ஓவியங்கள். அவற்றின் கீழே இலத்தீன் மொழியில் மருத்துவக் குறிப்புகள். 'இந்தியர்களின் மருத்துவ மூலிகைகள் பற்றிய சிறுநூல்' என்பது அதன் பெயரின் பொருள். இங்கே இந்தியர் என்பது நம்மையன்று. மெக்சிகோவின் தொல்குடிகளான நாவா மக்களைக் குறிக்கும்.

தொல்குடிகளின் அறிவுச் செல்வத்தைக் காப்பது பற்றி இன்று உலக மன்றங்களில் நிறையப் பேசப்படுகிறது. சட்டம், உடன்படிக்கை, காப்புரிமை என்று அப்பேச்சு விரிகிறது. ஆனால் 'காத்தல்' என்னும் சொல்லுக்கு என்ன பொருள்? எழுதி வைப்பதா, பூட்டி வைப்பதா, திருப்பிக் கொடுப்பதா? இக்கேள்விக்கு விடை தேட இச்சிறுநூலைவிடச் சிறந்த துணை வேறில்லை. ஏனெனில் இந்நூலை எழுதத் தூண்டியதும் திருச்சபைதான். நெடுங்காலம் வைத்திருந்ததும், திருப்பியளித்ததும் திருச்சபைதான். ஆகவே இது நம் குடும்பத்துக் கதையும் ஆகும்.

கல்லூரியும் கொள்ளைநோயும்

மெக்சிகோ நகரை ஒட்டிய ட்லாடெலோல்கோ என்னுமிடத்தில் 1536ஆம் ஆண்டு திருக்காட்சிப் பெருவிழாவன்று பிரான்சிஸ்கன் துறவிகள் திருச்சிலுவைக் கல்லூரியைத் தொடங்கினர். நாவா குலப் பெருங்குடியினரின் பிள்ளைகளுக்கு இலத்தீனும் தருக்கமும் கற்பித்தனர். இவர்களிலிருந்து உள்நாட்டுக் குருக்கள் தோன்றுவர் என்பது தொடக்கத்தில் இருந்த நம்பிக்கை. அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. 1555இல் கூடிய மெக்சிகோவின் முதல் மாநிலச் சங்கம் தொல்குடியினருக்குக் குருப்பட்டம் வழங்கலாகாது எனத் தடை விதித்தது. பிள்ளைகள் இலத்தீனில் கவிதை எழுதலாம். பீடத்தின்முன் நின்று பலி ஒப்புக்கொடுக்கலாகாது.

இந்த ஏற்பும் மறுப்பும் ஒருங்கே நிலவிய காலத்தில்தான், 1552ஆம் ஆண்டு ஜூலை மாதம், நம் நூல் உருவாயிற்று. இயற்றியவர் கல்லூரியில் மருத்துவராயிருந்த மார்ட்டின் தெ லா குரூஸ். அதை நாவாட்டில் மொழியிலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்தவர் ஷோசிமில்கோ ஊரைச் சேர்ந்தவரும் அக்கல்லூரியில் பாடம் சொன்னவருமான ஹுவான் பதியானோ. இருவரும் நாவா குலத்தவர். மகதலா மரியாவின் திருநாளையொட்டிப் பணி நிறைவுற்றது. நறுமணப் பொருள்களோடு விடியலில் கல்லறைக்கு விரைந்த பெண்ணின் நாளில் மூலிகை நூல் ஒன்று முடிந்தது பொருத்தமே.

அது கொள்ளைநோயின் காலமும்கூட. ஐரோப்பியர் வந்தபின் பரவிய நோய்கள் நாவா மக்களைக் கூட்டங்கூட்டமாக வாரிச் சென்றன. 1545ஆம் ஆண்டின் பெருநோயில் ட்லாடெலோல்கோவில் மட்டும் தாம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை அடக்கம் செய்ததாகப் பெர்னார்தினோ தெ சஹாகுன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி எழுதியுள்ளார். மருந்தை அறிந்தவர்களும் மருந்தின்றி மாண்டனர். ஒரு கிழவர் இறக்கும்போது அவரோடு எத்தனை வேர்களின் பெயர்கள் மண்ணுக்குள் போயின என்று கணக்கிட எவராலும் இயலாது. இப்பின்னணியை மறந்து இந்நூலை வெறும் அழகுப் பொருளாகப் பார்ப்பது பிழை.

படமும் பெயரும்

நூல் 13 இயல்களாக அமைந்துள்ளது. தலையில் தொடங்கிப் பாதம் நோக்கி இறங்குகிறது. தலைநோய், கண்நோய், பல்வலி, நெஞ்சுவலி, மூட்டுவலி, மகப்பேறு, குழந்தைப்பிணி என வரிசை செல்கிறது. இறுதி இயல் சாவு நெருங்குவதன் அடையாளங்களைக் கூறுகிறது. தலைமுதல் அடிவரை என்னும் இம்முறை ஐரோப்பிய மருத்துவ நூல்களில் வழங்கியது. ரோமானிய அறிஞர் பிளினியின் பெயர்கூட ஓரிடத்தில் வருகிறது. இதைக் காட்டி, 'இது தொல்குடி நூலே அன்று; ஐரோப்பிய அச்சில் வார்த்த நகல்' என்று கூறும் ஆய்வாளர் உண்டு. அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அவர்கள் நூலின் இலத்தீனை மட்டும் படித்தவர்கள் எனத் தோன்றுகிறது.

ஓவியங்களை உற்று நோக்குங்கள். சில செடிகளின் வேர்களுக்கிடையே கல்லைக் குறிக்கும் சித்திர எழுத்து வரையப்பட்டுள்ளது. நாவா மக்கள் தம் பழைய ஏடுகளில் 'டெட்ல்', அதாவது கல், என்று எழுதப் பயன்படுத்திய அதே குறி. அச்செடி பாறை நிலத்தில் வளர்வது என்பது அதன் செய்தி. வேறொரு செடியின் வேரில் எறும்புகள் ஊர்கின்றன. எறும்புப் புற்றருகே அதைத் தேட வேண்டும் என்று பொருள். இச்செய்திகள் இலத்தீன் உரையில் இல்லை. தேடிச் செல்பவனுக்கு வேண்டிய அறிவு படத்தில் இருக்கிறது. அரசருக்குக் காட்ட வேண்டியது எழுத்தில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரு நூல்கள் உள்ளன எனலாம். ஓவியர் யார் என்பதை நூல் எங்கும் சொல்லவில்லை.

அடுத்தது பெயர். பதியானோ எல்லாவற்றையும் இலத்தீனாக்கினார். மூலிகைப் பெயர்களை மட்டும் நாவாட்டிலிலேயே விட்டார். இது மொழிபெயர்ப்பாளரின் இயலாமை அன்று. அம்மொழியில் 'பாட்லி' என்றால் மருந்து. 'ஷோசிட்ல்' என்றால் மலர். 'குவாவிட்ல்' என்றால் மரம். பெயரின் ஈற்றைக் கேட்டாலே இனம் விளங்கும். பேறுகால வேதனைக்கு நூல் கூறும் மருந்துகளுள் 'சிவாபாட்லி' ஒன்று. 'பெண்ணின் மருந்து' என்பது அதன் பொருள். எதற்கு உதவும், யாருக்கு உதவும் என்பதெல்லாம் பெயருக்குள்ளேயே அடக்கம். பெயரை மாற்றியிருந்தால் அறிவில் பாதி அழிந்திருக்கும். அம்மூலிகை பெயர் சற்றே திரிந்து இன்றும் மெக்சிகோவின் சந்தைகளில் விற்கப்படுகிறது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டென்று அண்மைக் கால ஆய்வும் கண்டுள்ளது.

நூலில் வியப்பூட்டும் பகுதி ஒன்றும் உண்டு. ஆட்சிப் பொறுப்பைச் சுமந்து களைத்துப்போனவர்களுக்கென்றே நறுமண மலர்களும் மரங்களும் வனவிலங்குகளின் குருதியும் சேர்ந்த ஒரு மருந்து கூறப்படுகிறது. இன்றைய அலுவலகவாசி சிரிக்கக்கூடும். ஆனால் உடலின் நோயையும் கடமையின் பாரத்தையும் ஒரே மருத்துவன் கவனிக்க வேண்டுமென்று கருதிய சமூகம் எளியதன்று. இம்மருந்துகள் எல்லாம் பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. வயிற்றிலிருந்து எடுத்த கற்களையும் பறவைகளின் உறுப்புகளையும் மருந்தாகக் கூறும் இடங்கள் பல உண்டு. அறிவைப் போற்றுவது என்றால் அதன் எல்லாக் கூறுகளையும் கண்மூடி ஏற்பது என்பதன்று. மதிப்பவனே ஆராய்வான்.

முகவுரையின் முனகல்

நூலின் மிகவும் வேதனையான பகுதி முகவுரை. அரசப் பிரதிநிதியின் மகன் பிரான்சிஸ்கோ தெ மெந்தோசாவுக்கு அது எழுதப்பட்டது. இந்நூலை இவ்வளவு ஆவலோடு அவர் கேட்பதற்கு, இந்தியர்களாகிய தங்களை அரசரின் கருணைக்குப் பரிந்துரைக்கும் நோக்கமன்றி வேறு காரணம் தமக்குத் தோன்றவில்லை என்கிறார் தெ லா குரூஸ். தாங்கள் ஏழைகள், மனிதரில் கடையர், ஆகவே பிழை பொறுக்க என்று தாழ்ந்து வேண்டுகிறார். அவர் முறையான கல்வியால் கற்றவரல்லர், அனுபவத்தால் மட்டுமே தேர்ந்தவர் என்று நூலின் தலைப்பும் அறிவிக்கிறது.

இதைப் பணிவு எனப் பாராட்டுவோர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கல்லூரிக்கு அரசின் உதவி அருகிவந்த நாள்கள் அவை. அதைத் தக்கவைக்க அரசருக்கு ஒரு காணிக்கை வேண்டியிருந்தது. தன் முன்னோரின் அறிவை விண்ணப்ப மனுவாக மடித்துக் கொடுக்க வேண்டிய நிலையில் ஒரு மருத்துவர் நின்றார். மனு எழுதுபவன் தன்னைத் தாழ்த்தித்தான் எழுதுவான். பதியானோவும் தம் திறமையைக் காட்டுவதற்காக அன்று, மடத்துத் தலைவரான அருட்தந்தை ஹகோபோ தெ கிராதோவுக்குக் கீழ்ப்படிந்தே மொழிபெயர்த்ததாக எழுதுகிறார். கீழ்ப்படிதல் ஒரு துறவறப் புண்ணியம்தான். ஆனால் கீழ்ப்படிதலால் பெற்ற கொடை மனமுவந்த கொடைதானா என்று பெறுபவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

'அனுபவத்தால் மட்டுமே' என்ற சொல்லும் ஆராயத்தக்கது. பல தலைமுறைகள் பார்த்து, பிழைத்து, திருத்தி, பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தது அனுபவமாம். ஏட்டில் எழுதியது மட்டும் கல்வியாம். தொல்குடி அறிவைக் குறித்த எல்லா அநீதிக்கும் விதை இச்சொல்லில் இருக்கிறது. கல்வியற்றவனின் அறிவுக்கு உரிமையாளன் இல்லை. உரிமையாளன் இல்லாததை எவரும் எடுக்கலாம் என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்கிறது.

மூன்று வழிகள்

இந்நூலை அதே நூற்றாண்டின் வேறிரு பணிகளோடு ஒப்பிட்டால் நம் கருத்து தெளிவாகும்.

முதலாவது, மேலே குறிப்பிட்ட சஹாகுனின் பெருநூல். 12 பகுதிகள், ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஓவியங்கள், ஒரு பத்தியில் நாவாட்டில், மறு பத்தியில் இஸ்பானியம். 1577இல் நிறைவுற்ற இதன் கையெழுத்துப் படி இத்தாலியின் பிளாரன்ஸ் நகர நூலகத்தில் உள்ளது. ஊர்ப் பெரியவர்களை அமரவைத்து, வினாக்களை முன்வைத்து, அவர்கள் சொன்னதை அவர்கள் மொழியிலேயே திருச்சிலுவைக் கல்லூரியின் பழைய மாணவர்கள் எழுதினர். அவர்களுள் தலையாயவர் அந்தோனியோ வலேரியானோ. குவாதலூப்பே அன்னை காட்சியளித்த வரலாற்றை நாவாட்டிலில் எழுதியவராக மரபு இவரையே கூறுகிறது. சஹாகுன் தம் உதவியாளர்களையும், மூலிகைச் செய்திகளைத் தந்த நாவா மருத்துவர்களையும் பெயர் பெயராகக் குறிப்பிட்டுள்ளார். அக்காலத்தில் இது அரிய நேர்மை. எனினும் அவர் நோக்கத்தை மறைக்க வேண்டியதில்லை. நோயை அறியாத மருத்துவன் மருந்து தர முடியாததுபோல, பழைய வழிபாட்டை அறியாத போதகன் அதை ஒழிக்க முடியாது என்பதே அவர் தந்த விளக்கம். ஒழிக்கத் தொடங்கியவர் காப்பவராக முடிந்தார். அதுவும் பொறுக்காமல் இரண்டாம் பிலிப் அரசர் 1577இல் அவருடைய ஏடுகளைக் கைப்பற்றவும், இந்தியரின் பழக்கவழக்கங்களை எவரும் எழுதாதபடி தடுக்கவும் ஆணையிட்டார்.

இரண்டாவது, அதே அரசர் அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸின் பணி. 1570களில் மெக்சிகோவில் சுற்றி ஏறத்தாழ 3000 செடிகளை விவரித்தார். அளவில் மாபெரும் உழைப்பு. ஆனால் அச்செய்திகளைத் தந்த மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அவர் பக்கங்களில் பெரும்பாலும் பெயரற்றவர்கள். மூல ஏடுகள் 1671இல் எஸ்கோரியால் மாளிகைத் தீயில் அழிந்தன. கடலுக்கு அப்பால் ஓர் அரண்மனையில் வைத்தது தீயில் போயிற்று. மலைக்கிராமத்துக் கிழவிகளின் நாவில் இருந்தது பிழைத்தது.

இவ்விரண்டுக்கும் எதிர்முனையில் ஒரு நெருப்பும் உண்டு. 1562இல் யுகட்டானின் மானி என்னுமிடத்தில் தியேகோ தெ லாந்தா என்னும் பிரான்சிஸ்கன் துறவி மாயா மக்களின் ஏடுகளைக் கொளுத்தினார். ஐரோப்பியர் வருகைக்கு முந்திய மாயா ஏடுகளில் இன்று எஞ்சியவை நான்கே. அதே லாந்தா பின்னர் எழுதி வைத்த குறிப்புகளே மாயா எழுத்துகளைப் படித்தறிய வழிகாட்டின என்பது வரலாற்றின் விந்தை. ஆயினும் அக்குறிப்பு அந்நெருப்புக்கு ஈடாகாது. ஒரே சபை, ஒரே நற்செய்தி; ஒருவர் கேட்டு எழுதினார், ஒருவர் கொளுத்தினார். குறை நற்செய்தியில் இல்லை. எதிரே நிற்பவரைக் கற்றுத்தரத் தக்கவராக எண்ணினோமா இல்லையா என்பதில் இருக்கிறது.

திருப்பிக் கொடுத்த பின்

நம் சிறுநூல் இஸ்பானியாவுக்குச் சென்று, அரச மருந்தாளர் ஒருவரிடம் இருந்து, பின் கர்தினால் பிரான்செஸ்கோ பர்பெரினியின் நூலகத்தை அடைந்தது. அந்நூலகம் 1902இல் வத்திக்கானோடு சேர்ந்தது. 1929இல்தான் அமெரிக்க அறிஞர் ஒருவர் அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். இப்போது அது மெக்சிகோ நகரில், நாட்டின் மானிடவியல் வரலாற்று நிறுவனத்தின் நூலகத்தில் உள்ளது. திருத்தந்தையின் செயல் உயர்ந்தது. அவ்வழியைப் பின்பற்றி 2025 நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ, கனடாவின் தொல்குடிகளுக்குரிய 62 கலைப்பொருள்களை அந்நாட்டு ஆயர் பேரவையிடம் அளித்தார்.

ஆனால் நூல் திரும்பியதால் அறிவு காக்கப்பட்டுவிட்டதா? 1998இல் மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைநாட்டில் மாயா மக்களின் மருத்துவச் செடிகளைத் திரட்டும் பன்னாட்டு ஆய்வுத் திட்டம் ஒன்று அமெரிக்க நிதியுதவியுடன் தொடங்கியது. பயனில் பங்கு தருவதாகவும் உறுதி கூறப்பட்டது. ஆயினும் உள்ளூர் மருத்துவர், மருத்துவச்சியர் அமைப்புகள் எதிர்த்தன. பல ஊர்களில் பரவிக் கிடக்கும் ஒரு பொது அறிவுக்கு யார் இசைவு தருவது, யார் கையொப்பமிடுவது என்று அவர்கள் கேட்டனர். விடை கிடைக்கவில்லை, 2001இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு அறிவியலுக்குப் பகை என்று சிலர் வருந்தினர். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. கிடைத்திருக்கக்கூடிய மருந்தும் கிடைக்காமல் போயிற்று. ஆனால் 450 ஆண்டுகளுக்குமுன் தெ லா குரூஸால் கேட்க முடியாத கேள்வியை அவர்கள் கேட்டார்கள் என்பதை மறக்கலாகாது.

இங்கே ஒரு கிறிஸ்தவ ஐயம் எழும். மருந்து கடவுளின் கொடையல்லவா? மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவர் என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறதே. அதற்கு உரிமை கோருவது அன்புக்கு ஏற்குமா? நல்ல கேள்வி. விடை இதுதான்: கொடை என்றால் கொடுப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயர் சொல்லப்பட வேண்டும். அவர் மறுக்கவும் உரிமை வேண்டும். மறுக்க முடியாதவனிடமிருந்து வாங்குவது கொடையன்று, பறிப்பே. 2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்ற உடன்படிக்கை, காப்புரிமை கேட்பவர் தாம் பயன்படுத்திய மரபு அறிவு எம்மக்களிடமிருந்து வந்தது என்று வெளியிட வேண்டுமென்கிறது. சஹாகுன் தம் மனச்சாட்சியால் செய்ததைச் சட்டம் இப்போது கேட்கிறது. சட்டம் பெயரைக் கேட்கலாம். மதிப்பைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஏட்டைவிட முதன்மையானது மொழி. 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாவாட்டில் பேசுகின்றனர். 'சிவாபாட்லி' என்ற சொல்லைக் கேட்டதும் பொருள் விளங்கும் ஒரு குழந்தை இருக்கும்வரை அந்நூலுக்கு உயிர் உண்டு. அக்குழந்தை இல்லாத நாளில், மெக்சிகோவில் இருந்தாலும் வத்திக்கானில் இருந்தாலும் அது ஓர் அழகிய படப்புத்தகமே.

நமக்கும் இதில் பாடம் உண்டு. சஹாகுன் தம் நூலை முடித்த மறு ஆண்டு, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சேறியது. அண்டிரிக் அடிகளார் பெயரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அவருக்கு முத்துக்குளித்துறையில் தமிழ் சொல்லிக்கொடுத்த வாய்களுள் எத்தனையின் பெயர் நமக்குத் தெரியும்? இன்றும் நம் பங்குகளின் பொன்விழா, நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டினால் பங்குத்தந்தையர் வரிசை இருக்கும். நன்கொடையாளர் பட்டியல் தொகையோடு இருக்கும். காற்றின் திசை பார்த்து மீன்வரத்துச் சொன்ன கடற்கரைப் பெரியவரும், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியும், தவக்காலத்தில் ஒப்பாரியாய்ப் பாடுபாடல் பாடிய பாட்டியும் அதில் இரார்.

அடுத்த விழா மலருக்குக் குழு கூடும்போது இரண்டு பக்கங்களை இவர்களுக்கு ஒதுக்கலாம். முதலில் அவர்கள் வீட்டுக்குச் சென்று, எழுதலாமா என்று கேட்க வேண்டும். சிலவற்றைச் சொல்லி, சிலவற்றைச் சொல்ல மாட்டேன் என்றால் அதையும் மதிக்க வேண்டும். சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, கீழே அவர்கள் பெயரை இட வேண்டும். அச்சான மலரின் முதற்படி அவர்கள் கைக்குப் போக வேண்டும். ட்லாடெலோல்கோவின் ஓவியருக்குக் கிடைக்காதது இவர்களுக்கேனும் கிடைக்கட்டும்.